கண்ணாடி ஜன்னலுக்கும் கதவுக்கும் அலங்காரக் குறுக்குச் சட்டங்கள்: எந்த வகை, எத்தனை கட்டம்?

#1 – புதுமனை

அனைவருக்கும் வணக்கம். கட்டி முடியும் தறுவாயில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்கூடத்தில், நடுவே திறக்காத பெரிய ஜன்னல் ஒன்றும், அதன் இருபுறமும் திறந்து மூடும் குறுகிய ஜன்னல்களும், அவற்றை அடுத்துத் தோட்டத்துக்குச் செல்லும் இரட்டைக் கண்ணாடிக் கதவும் அமைகின்றன. எல்லாமே வெள்ளை யூபிவிசி, அதாவது கடினமான பிளாஸ்டிக் சட்டகம். இரண்டு 4 மி.மீ. கண்ணாடிகளுக்கு நடுவே 16 மி.மீ. இடைவெளி கொண்ட இரட்டைக் கண்ணாடி. வெறும் கண்ணாடியாக விட்டால் முகப்பு மொட்டையாகத் தெரியும் என்று வீட்டில் அனைவரும் நினைப்பதால், கட்டம் கட்டமாகப் பிரிக்கும் குறுக்குச் சட்டங்கள் வைக்க விரும்புகிறோம்.

ஜன்னல் செய்து தருபவர் மூன்று வழிகளைச் சொன்னார். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் அலுமினியச் சட்டத்தை அடைத்து வைப்பது ஒன்று. கண்ணாடியின் இரு முகங்களிலும் சட்டத்தை ஒட்டுவது இன்னொன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிக் கண்ணாடி போட்டு உண்மையாகவே பிரிப்பது மூன்றாவது. எதைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை கட்டங்களாகப் பிரிப்பது, சட்டத்தின் அகலம் 18 மி.மீ. போதுமா 26 மி.மீ. வேண்டுமா என்பதில் தெளிவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றாக இருக்கும்.

#2 – இரட்டைக்கண்ணாடி

இரட்டைக் கண்ணாடி தயாரிக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கண்ணாடி ஒருமுறை மூடப்பட்டுவிட்டால் உள்ளே வைத்த சட்டத்தை மாற்ற வழியே கிடையாது. நிறம் பிடிக்கவில்லை, கோடு கோணலாகத் தெரிகிறது என்றால் முழுக் கண்ணாடியையும் மாற்றியாக வேண்டும். ஆகவே முடிவெடுக்க வேண்டிய காலம் கண்ணாடிக்குக் கொள்முதல் உத்தரவு கொடுப்பதற்கு முன்புதான்.

உள்ளே வைக்கும் சட்டத்தின் பெரிய நன்மை பராமரிப்பு. கண்ணாடியின் இரு முகங்களும் சமதளமாகவே இருப்பதால் துடைப்பது எளிது. வெயிலும் மழையும் சட்டத்தைத் தொடுவதில்லை. தோற்றத்தில் குறை உண்டு. பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்குச் சட்டம் கண்ணாடிக்குள் மிதப்பது போலத் தெரியும், வெளிச்சம் படும் கோணத்தில் சட்டம் மறைந்து கண்ணாடியின் பிரதிபலிப்பு மட்டும் தெரியும். தொலைவிலிருந்து முகப்பைப் பார்க்கும்போது கட்டம் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் ஒட்டும் சட்டமே மேல்.

உள்ளே வைப்பதாக இருந்தால் இடைவெளியைக் கட்டாயம் கணக்கிடுங்கள். இந்தச் சட்டங்கள் பொதுவாக 8 மி.மீ. அளவு தடிமன் கொண்டவை. உங்கள் 16 மி.மீ. இடைவெளியில் பக்கத்துக்கு 4 மி.மீ. மிஞ்சுகிறது, 12 மி.மீ. இடைவெளியாக இருந்தால் 2 மி.மீ. தான். கண்ணாடிக்குள் அடைபட்ட வாயு, வெப்பநிலை 20 பாகை குறைந்தால் ஏறத்தாழ 7 விழுக்காடு சுருங்கப் பார்க்கும். 16 மி.மீ. இடைவெளியில் அது சராசரியாக 1 மி.மீ.க்குச் சற்று அதிகம், ஓரங்கள் அசையாமல் பிடிக்கப்பட்டிருப்பதால் நடுப்பகுதி இன்னும் கூடுதலாக உள்ளே வளையும். குறுகிய இடைவெளியில் தடித்த சட்டத்தைத் திணித்தால், குளிர்ந்த இரவில் கண்ணாடி சட்டத்தின் மேல் போய்ச் சாய்ந்துவிடும். அந்த இடத்தில் குளிர் நேராகக் கடந்து வந்து உட்புறத்தில் கோடு போல நீர் கோத்துக்கொள்ளும். நிலைமை மோசமானால் கண்ணாடியில் விரிசல் விழும்.

வெப்பக் காப்பைப் பொறுத்தவரை, இஎன் 14351-1 என்ற ஐரோப்பியத் தரநிலை இதற்கு எளிய கூட்டுத்தொகைகளைத் தந்திருக்கிறது. ஜன்னலின் யூ மதிப்போடு, அதாவது ஒரு சதுர மீட்டர் வழியே ஒரு பாகை வேறுபாட்டுக்கு எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்ற எண்ணோடு, மேலே ஒட்டிய சட்டத்துக்கு எதுவும் கூட்ட வேண்டாம். உள்ளே ஒரே ஒரு குறுக்குச் சட்ட அமைப்பு என்றால் 0.1, பல குறுக்குச் சட்டங்கள் என்றால் 0.2, உண்மையாகவே பிரித்த கண்ணாடி என்றால் 0.4 கூட்ட வேண்டும். எண் கூடக்கூடக் காப்பு குறைகிறது என்று பொருள்.

#3 – தச்சுப்பட்டறை

மேலே சொன்னவற்றில் தொழில்நுட்பப் பிழை எதுவும் இல்லை. ஆனால் மூன்றாவது வழியை வெறும் எண்ணை வைத்து ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

குறுக்குச் சட்டம் முதலில் அலங்காரமாகப் பிறக்கவில்லை. கண்ணாடியை ஊதிச் சுழற்றித் தட்டாக்கியும், உருளையாக ஊதிப் பிளந்து விரித்தும் செய்த காலத்தில் பெரிய, பழுதில்லாத கண்ணாடி கிடைப்பது அரிது. சிறு துண்டுகளைக் கோத்துப் பிடிக்கும் வேலையைத்தான் சட்டங்கள் செய்தன. இங்கிலாந்தில் கண்ணாடி மீதான தீர்வை 1845இலும், ஜன்னல் வரி 1851இலும் நீக்கப்பட்ட பிறகு, அங்கே கட்டங்களின் எண்ணிக்கை குறைந்து கண்ணாடிகள் பெரிதாகின. 1959இல் பில்கிங்டன் நிறுவனம், உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுப் பெரிய தகடாக்கும் மிதவைக் கண்ணாடி முறையை அறிவித்த பின் சட்டத்தின் தேவையே போய்விட்டது. ஆகவே இன்று நாம் வைப்பது எல்லாமே பழைய தேவையின் நிழல். அந்த நிழல் நம்பும்படி இருக்க வேண்டுமானால் சட்டத்துக்கு ஆழம் வேண்டும்.

பழைய மரச்சட்டத்தை அருகில் சென்று பாருங்கள். உட்புற முகம் தட்டையாக இராது. கண்ணாடியை நோக்கி அகன்றும் அறையை நோக்கிக் கூர்ந்தும், நடுவில் ஒரு வளைவோடும் இழைக்கப்பட்டிருக்கும். பகலில் அறைக்குள்ளிருந்து பார்க்கும்போது எந்தச் சட்டமும், வெள்ளை பூசியிருந்தாலும், வானத்தின் முன்னால் கறுப்பாகவே தெரியும். அந்தச் சாய்ந்த முகம் வெளிச்சத்தை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மங்க விடுவதால் கறுப்புக் கோட்டின் கடுமை குறைகிறது. கண்ணாடிக்குள் வைத்த தட்டை அலுமினியத்தால் இதைச் செய்ய முடியாது. மரத்தில், உண்மையான பிரிப்பில் செய்தால் மட்டுமே அந்த அழகு வரும்.

#4 – இரட்டைக்கண்ணாடி

தச்சுப்பட்டறை அவர்கள் சொல்லும் அழகு ஒற்றைக் கண்ணாடிக்குப் பொருந்தும். ஒற்றைக் கண்ணாடி என்றால் 16 மி.மீ. அகலச் சட்டத்திலேயே பக்கத்துக்குச் சில மி.மீ. பதித்துவிடலாம். இரட்டைக் கண்ணாடியின் விளிம்பில் இடைவெளிப் பட்டையும் அடைப்புப் பசையும் இருக்கின்றன. அவற்றை வெயிலில் படாமல் மறைப்பதற்கே பக்கத்துக்கு 12 மி.மீ. அளவு மூட வேண்டும். நடுவில் மரம் நிற்க இடமும் சேர்த்தால் சட்டம் 40 மி.மீ.யைத் தாண்டிவிடும். மெல்லிய கோட்டுக்காக ஏங்கி, கடைசியில் கட்டில் கால் போன்ற சட்டம் வந்து நிற்கும். இன்னொன்று, பழைய முறைப்படி ஆளிவிதை எண்ணெய் கலந்த மக்கை, அதாவது கண்ணாடியைப் பிடிக்கும் பூச்சை, இரட்டைக் கண்ணாடிக்குப் பயன்படுத்தினால் அந்த எண்ணெய் விளிம்பு அடைப்பைக் கெடுத்துவிடும். உள்ளே ஈரம் புகுந்து கண்ணாடி மங்கிப்போகும்.

ஆழம்தான் வேண்டும் என்றால் இரு முகங்களிலும் சாய்முகச் சட்டத்தை ஒட்டி, அவற்றுக்கு நேராகக் கண்ணாடிக்குள் ஒரு பட்டையையும் வைக்கும் கூட்டு முறை இருக்கிறது. உள்ளே பட்டை இல்லாமல் வெளியே மட்டும் ஒட்டினால், சாய்ந்து பார்ப்பவருக்கு இரண்டு சட்டங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். பட்டை வைத்தால் ஒரே மரத்துண்டு கண்ணாடியைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது போலவே இருக்கும். செலவு கூடும் என்பது உண்மைதான்.

#5 – கோட்டுப்படம்

எந்தச் சட்டம் என்பதற்கு முன் எந்தக் கட்டம் என்பதைத் தீர்மானியுங்கள். விலை உயர்ந்த சட்டத்தைத் தவறான விகிதத்தில் வைத்த முகப்புகளைப் பார்த்திருக்கிறேன். எளிய 18 மி.மீ. உட்சட்டத்தைச் சரியான விகிதத்தில் வைத்து அழகாக நின்ற முகப்புகளையும் பார்த்திருக்கிறேன். புதுமனை அவர்களே, கண்ணாடியின் தெரியும் அளவுகளைத் தர இயலுமா?

#6 – புதுமனை

நடு ஜன்னலில் தெரியும் கண்ணாடி 1180 மி.மீ. அகலம், 1480 மி.மீ. உயரம். பக்கத்து ஜன்னல்களில் திறக்கும் சட்டகம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கண்ணாடி 430 அகலம், 1340 உயரம். மேலும் கீழும் 70 மி.மீ. குறைகிறது.

#7 – கோட்டுப்படம்

நன்றி. இந்த அளவுகளே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன.

பொதுவாகக் கட்டம் அகலத்தைவிட உயரம் கூடியதாக நின்றால் கண்ணுக்கு இதமாக இருக்கும். படுத்த கட்டம் ஜன்னலை அமுக்கிக் காட்டும். 26 மி.மீ. சட்டத்தோடு நடு ஜன்னலை மூன்று நிரலாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 376 மி.மீ. அகலம் வரும். மூன்று வரிசை வைத்தால் உயரம் 476, நல்ல விகிதம். ஆசைப்பட்டு நான்கு வரிசை வைத்தால் உயரம் 350 ஆகிக் கட்டம் படுத்துவிடும். இரண்டு நிரல், இரண்டு வரிசை என்றால் 577க்கு 727. இதுவும் நல்ல விகிதமே, பார்வைக்கும் திறப்பாக இருக்கும். இரண்டு நிரலோடு மூன்று வரிசை மட்டும் வேண்டாம். 577க்கு 476 என்று மீண்டும் படுக்கிறது.

இனி, இந்த இழையில் யாரும் தொடாத, ஆனால் பெரும்பாலான வீடுகளில் முகப்பைக் கெடுக்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். மூன்று ஜன்னல்களையும் தனித்தனியே மூன்று சம வரிசைகளாகப் பிரிக்கச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். நடுக் கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து அளந்தால், அதன் கிடைச் சட்டங்களின் மையம் 489 மி.மீ.யிலும் 991 மி.மீ.யிலும் நிற்கும். பக்கத்துக் கண்ணாடி 70 மி.மீ. கீழே தொடங்கிக் குறுகலாகப் பிரிவதால், அதன் சட்டங்கள் அதே அளவுகோலில் 512இலும் 968இலும் நிற்கும். மேல் கோடு 23 மி.மீ. இறங்கி, கீழ்க் கோடு 23 மி.மீ. ஏறி நிற்கிறது. பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது. எங்கோ கோணலாக இருக்கிறது என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருக்கும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. நடு ஜன்னல் திறக்காவிட்டாலும் அதற்கும் திறக்கும் சட்டகத்தைப் போலவே ஒரு போலிச் சட்டகம் பொருத்தி, மூன்றின் கண்ணாடி உயரத்தையும் 1340 ஆகச் சமப்படுத்துவது முதலாவது. முகப்பில் இதுவே மிகவும் ஒழுங்காகத் தெரியும். நடுக் கண்ணாடி கொஞ்சம் சுருங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், கட்டக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். இரண்டாவது, நடு ஜன்னலின் கோடுகளை மாற்றாமல் வைத்துக்கொண்டு, பக்கத்து ஜன்னல்களில் மேல் கட்டம் 406, நடுக் கட்டம் 476, கீழ்க் கட்டம் 406 என்று பிரிப்பது. இரு ஓரக் கட்டங்களும் சமமாகக் குறைவதால் அது திட்டமிட்டதாகவே தெரியும், பிழையாகத் தெரியாது. அந்த 430 மி.மீ. அகலத்தில் செங்குத்துச் சட்டம் தேவையில்லை. வைத்தால் கட்டம் 202 மி.மீ. ஆகி நடு ஜன்னலோடு ஒட்டாது.

பார்வையை மறந்துவிட வேண்டாம். நின்றுகொண்டிருப்பவரின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 முதல் 1.6 மீட்டரிலும், நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண் 1.2 மீட்டரை ஒட்டியும் இருக்கும். கிடைச் சட்டம் சரியாக அந்த உயரத்தில் வந்தால், தோட்டத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கோடு குறுக்கே நிற்கும். சுவரில் ஒரு நாடாவை ஒட்டி, அமர்ந்தும் நின்றும் பார்த்துவிடுங்கள்.

#8 – நிழல்மரம்

பயன்படுத்துபவர் தரப்பிலிருந்து ஒன்றிரண்டு குறிப்புகள். எங்கள் வீட்டில் ஒரு பக்கம் உட்சட்டம், இன்னொரு பக்கம் ஒட்டுச் சட்டம். ஒட்டுச் சட்ட ஜன்னலைத் துடைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒவ்வொரு கட்டத்தின் நான்கு மூலைகளிலும் தூசி தங்கி, ஈரத்துணி பட்டதும் சேறாகி ஒட்டிக்கொள்கிறது, பல் துலக்கும் தூரிகையை எடுத்தால்தான் போகிறது. உட்சட்டக் கதவிலோ வேறு தொல்லை. கதவைச் சற்று வேகமாகச் சாத்தினால் உள்ளே அலுமினியம் கண்ணாடியில் பட்டுக் கலகலக்கிறது. கனரக வண்டி சாலையில் போனாலும் அதே சத்தம். இதைத் தவிர்க்க வழி இருக்கிறதா என்று நானும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கண்ணாடியில் மோதும் பறவைகளைச் சட்டங்கள் தடுக்கும் என்று விற்பவர் ஒருவர் சொல்லக் கேட்டேன். பறவைக்குக் கண்ணாடி தடையாகத் தெரிய வேண்டுமானால் வெளிமுகத்தில், உள்ளங்கைக்கும் குறைவான இடைவெளியில், 5 செ.மீ. அளவில் அடையாளங்கள் இருக்க வேண்டும். 37 செ.மீ. கட்டம் பறவைக்குத் திறந்த வழிதான்.

#9 – இரட்டைக்கண்ணாடி

நிழல்மரம் அவர்களுக்கு: சட்டங்கள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் இரு முகங்களிலும் ஒளி ஊடுருவும் சிறு சிலிக்கான் பொட்டுகளை ஒட்டுவது வழக்கம். அவை அதிர்வை வாங்கிக்கொள்ளும். கண்ணாடி உள்ளே வளைந்தாலும் உலோகத்தில் நேராகப் படாது. உங்கள் கதவில் அவற்றை விட்டிருப்பார்கள், அல்லது இடைவெளி 12 மி.மீ. ஆக இருக்கக்கூடும். இப்போது சரிசெய்ய வழியில்லை, கதவு அடையும் இடத்தில் தடித்த ரப்பர் வைத்து அடியின் வேகத்தைக் குறைக்கலாம்.

ஒட்டுச் சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது கழன்று விழுவது குறித்த புகார்களே அதிகம். யூபிவிசி, ஒரு மீட்டர் நீளத்தில் 40 பாகை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. நீளும், அலுமினியம் 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நீளும், கண்ணாடியோ 0.4 மி.மீ.கூட நீளாது. வெயிலில் கிடக்கும் அடர்நிற யூபிவிசி சட்டம் கண்ணாடியை விட்டு நழுவப் பார்ப்பது இதனால்தான். வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் நுரைப் பட்டையால் ஒட்டினால் இந்த இழுபறியைத் தாங்கும். இறுகிப்போகும் சாதாரணப் பசை தாங்காது. ஒட்டும் முன் கண்ணாடியை ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, விரல் படாமல் ஒட்டி, அழுத்தி, முழுப் பிடிப்பு வர ஏறத்தாழ 72 மணி நேரம் தண்ணீர் படாமல் விட வேண்டும். முனைகளில் 1 மி.மீ. அளவு விட்டு நிறமொத்த சிலிக்கானால் மூடினால் சட்டம் நீளும்போது மூலையில் முட்டி எழும்பாது. தெற்கு, மேற்கு வெயில் நேராக விழும் ஜன்னல் என்றால் அடர்நிறத்தில் அலுமினியச் சட்டமே என் தேர்வு.

#10 – பழையகாரை

எங்களுடையது முன்பே இரட்டைக் கண்ணாடி போட்டு முடித்த வீடு. உட்சட்டம் இனி இயலாது என்று புரிகிறது. சாய்சதுரக் கட்டம் வைக்க ஆசை. என்ன செய்யலாம்?

#11 – கோட்டுப்படம்

பொருத்தி முடித்த கண்ணாடிக்கு ஒட்டுச் சட்டம், அல்லது உட்புறத்தில் மாட்டிக் கழற்றும் தட்டி, இந்த இரண்டுதான். கழற்றும் தட்டி துடைப்பதற்கு வசதி. வெளியிலிருந்து பார்த்தால் உயிரில்லாமல் தெரியும்.

சாய்சதுரக் கட்டம் ஈயப் பட்டைகளால் சிறு கண்ணாடிகளைக் கோத்த காலத்துக்குரியது. பட்டை மெல்லியதாகவும் கட்டம் சிறியதாகவும் இருந்தால்தான் அது எடுபடும். 26 மி.மீ. சட்டத்தில், பெரிய சாய்சதுரமாக வைத்தால் வேலித் தட்டியாகிவிடும். கண்ணாடி முழுவதும் நிரப்பாமல் மேல்பகுதிக் கண்ணாடியில் மட்டும் வைத்துக் கீழே வெறுமையாக விடுவதைப் பரிசீலியுங்கள். இன்னொரு வழி, ஓரங்களிலிருந்து 100 முதல் 150 மி.மீ. உள்ளே தள்ளி நான்கு கோடுகள் மட்டும் ஓட விடுவது. மூலைகளில் சிறு சதுரங்கள் விழும், நடுப்பகுதி முழுதும் திறந்திருக்கும். காட்சியை இழக்க விரும்பாதவர்களுக்கு நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது இதைத்தான்.

#12 – புதுமனை

அனைவருக்கும் மிக்க நன்றி. நாடாவை ஒட்டிப் பார்த்தோம். மூன்று வரிசையில் கீழ்க் கோடு அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக வருகிறது. அம்மாவின் நாற்காலி அங்கேதான் இருக்கும் என்பதால் அது சரிப்படாது. ஆகவே நடு ஜன்னலில் இரண்டு நிரல், இரண்டு வரிசை. பக்கத்து ஜன்னல்களில் அதே உயரத்தில் ஒரு கிடைக்கோடு மட்டும். ஜன்னல்களில் 26 மி.மீ. ஒட்டுச் சட்டம், உள்ளே பட்டையோடு. கதவில் மட்டும் குழப்பம் நீடிக்கிறது. அடிக்கடி திறந்து மூடுவதால் ஒட்டுச் சட்டம் தாங்குமா?

#13 – தச்சுப்பட்டறை

நல்ல முடிவு. ஒரே கிடைக்கோடு என்பதால் நடுக் கண்ணாடிக்கும் பக்கத்துக் கண்ணாடிக்கும் மையம் தானாகவே ஒன்றாகிவிடுகிறது, 23 மி.மீ. சிக்கலே எழாது.

கதவில் ஒட்டுச் சட்டம் தாங்கும். அடி வாங்குவது ஒட்டும் நுரைப் பட்டை அல்ல, கீலும் சட்டகமும்தான். ஆனால் கைப்பிடிக்கு அருகில் செங்குத்துச் சட்டம் வராமல் பாருங்கள், விரல் முட்டி தினமும் அதில் இடிக்கும். கதவின் அடியில் 300 மி.மீ. அளவில் கண்ணாடியில்லாத அடிப்பலகை வைத்தால் கால் படும் இடம் பாதுகாப்பாக இருக்கும். அதற்கு மேல் கண்ணாடியில் ஜன்னலின் கிடைக்கோடு நேராகத் தொடரும்படி ஒன்றும், கீழே ஒன்றும் வையுங்கள். மரக்கதவாக இருந்திருந்தால் உண்மைப் பிரிப்பை வற்புறுத்தியிருப்பேன்; யூபிவிசியில் அது வீண்.

#14 – இரட்டைக்கண்ணாடி

கதவுக் கண்ணாடி கடினப்படுத்தியதாகவோ இரு கண்ணாடித் தகடுகளை ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடியாகவோ இருக்கட்டும். அலங்காரச் சட்டம் கண்ணாடிக்கு வலிமை எதையும் தருவதில்லை. திருடனையும் தடுக்காது, தடுமாறி விழும் குழந்தையையும் தாங்காது. கடினப்படுத்திய கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ இயலாது என்பதால் அளவில் தவறு நேர இடம் கொடுக்காதீர்கள்.

உத்தரவுத் தாளில் படம் உட்புறத்திலிருந்து பார்த்ததா வெளிப்புறத்திலிருந்து பார்த்ததா என்று எழுதச் சொல்லுங்கள். சட்டத்தின் இடத்தைக் குறிக்கும் எண், வெட்டிய கண்ணாடியின் விளிம்பிலிருந்தா, பொருத்திய பின் தெரியும் விளிம்பிலிருந்தா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே சட்டகத்துக்குள் மறையும் பகுதி இருக்கிறது; அது மேலும் கீழும் ஒரே அளவாக இல்லாவிட்டால், பட்டறையில் சரியாக வைத்த கோடு சுவரில் ஏறியோ இறங்கியோ நிற்கும். எண்ணை எப்போதும் சட்டத்தின் மையத்துக்குக் குறியுங்கள், ஓரத்துக்கு வேண்டாம். கண்ணாடிக்குள் வைக்கும் பட்டை, மேலே ஒட்டும் சட்டத்தைவிட ஓரிரு மி.மீ. குறுகலாக இருக்கட்டும், ஒட்டும்போது கை இம்மி நகர்ந்தாலும் உள்ளிருக்கும் அலுமினியம் வெளியே எட்டிப் பார்க்காது.